விண்டோஸை அழிக்காமல் லினக்ஸைச் சோதித்துப் பார்ப்பது

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. 2015, 2016இல் வாங்கி இன்றும் நன்றாக ஓடுகிற கணினிகள் இடையில் மாட்டிக்கொண்டன. பிள்ளைகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு கூடத்து மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் டெஸ்க்டாப், மின்கட்டணம் கட்டவும் படம் பார்க்கவும் மட்டும் திறக்கிற லேப்டாப். அப்படிப்பட்ட ஒரு கணினியை மனத்தில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, "லினக்ஸ் போட்டா விண்டோஸ் போயிடுமா?" என்பதுதான். போகாது. ஆனால் வரிசை தப்பினால் போய்விடும். முதலில் பென்டிரைவிலிருந்து மட்டும் ஓட்டிப் பார்ப்பது. பிடித்திருந்தால் டிஸ்க்கில் இடம் ஒதுக்கி விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவது. சில மாதங்கள் இரண்டையும் புழங்கிவிட்டு எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வது. இதுதான் வரிசை. எந்தப் படியில் கால் வைப்பதற்கு முன்பும், அங்கிருந்து திரும்பி வரும் வழி கையில் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். 2012இல் என் வீட்டுக் கணினியில் முதன்முதலாக லினக்ஸ் நிறுவியபோது, 'எரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு நான் லினக்ஸுக்கென்று ஒதுக்கிவைத்த பகுதியை மட்டும் துடைக்கும் என்று நினைத்து அழுத்தினேன். அது முழு டிஸ்க்கையும் துடைத்தது. மகளுக்குக் காது குத்திய அன்று எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அண்ணன் வீட்டில் பிரிண்ட் போட்டு வைத்திருந்த பதினொரு படங்கள் மட்டும் மிஞ்சின. கீழே பேக்கப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்தப் பதினொரு படங்கள்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் கருவின் (கெர்னல்) பெயர். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதைச் சுற்றி மற்ற மென்பொருள்களைச் சேர்த்துப் பலர் பல பெயர்களில் வெளியிடுகிறார்கள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மிண்ட் என்று பட்டியல் நீளும். புதிதாக வருகிறவர் இந்தப் பட்டியலில் ஒரு மாதம் தொலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. விண்டோஸில் பழகிய வீட்டுக்கு லினக்ஸ் மிண்ட்டின் சின்னமன் பதிப்பை எடுங்கள். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கண்ணுக்குப் பழகிய அமைப்பு. மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. ரேம் 2 ஜிபி இருந்தால் ஓடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். 4 ஜிபி இருந்தால்தான் ஒரு வீட்டார் பொறுமையாக உட்கார்ந்து வேலை பார்க்க முடியும். அதற்கும் குறைவாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது முற்றிலும் புதிய சங்கதியும் இல்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸோடு 'போஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பிளஸ் டூ படித்த பிள்ளை கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் வரும். அது என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால், எனக்குத் தெரிந்த பல வீடுகளில் விண்டோஸுக்கு இடம் வேண்டுமென்று போஸை அழித்துவிட்டார்கள். ஒரு தலைமுறை மாணவர்களின் கைக்கே வந்த பொருள் அறிமுகம் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். நீங்கள் இப்போது செய்யப்போவதும் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்ற அதே ஏற்பாடுதான்.

பென்டிரைவ் தயாரிப்பு

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலிலேயே காலி செய்யுங்கள். மிண்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் அன்றைய பேக் தீர்வதற்குள் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்கும் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மிண்ட்டின் வலைத்தளத்துக்குள் யாரோ ஊடுருவி, சின்னமன் 17.3 பதிப்பின் இறக்க இணைப்பை மாற்றி, கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். மிண்ட் குழுவினரே மறுநாள் இதை வெளிப்படையாக அறிவித்தார்கள். அன்று இறக்கியவர்களில் கோப்பின் சரிபார்ப்பு எண்ணைச் சரியான எண்ணோடு ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை 64 எழுத்து நீளத்தில் கொடுத்திருப்பார்கள். உங்கள் கணினியில் 7-ஜிப் இருந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 கேளுங்கள். முதல் எட்டு, கடைசி எட்டு எழுத்துகள் மட்டும் பார்த்தால்கூட இறக்கத்தில் கோப்பு பழுதாகியிருந்தால் தெரிந்துவிடும். திருட்டு வேலையையும் உறுதியாகத் தவிர்க்க முழுவதையும் ஒப்பிடுங்கள்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் சும்மா காப்பி செய்தால் அது பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற ஒரு மென்பொருளால் எழுத வேண்டும். எட்சரில் கோப்பைக் காட்டு, டிரைவைக் காட்டு, எழுது என்று மூன்றே பொத்தான். வேறு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எதையும் அந்த நேரத்தில் செருகி வைக்காதீர்கள். தவறான டிரைவைக் காட்டிவிட இடமே இருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் சில சமயம் விண்டோஸ், 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். லினக்ஸ் எழுதிய முறை அதற்குப் புரியவில்லை என்பதுதான் அதன் பொருள். கேன்சல் கொடுங்கள்.

வட்டில் கை வைக்காமல் ஓட்டுவது

2000இல் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் நிறுவாமலே குறுவட்டிலிருந்து ஓடும் லினக்ஸைப் பரவலாக்கியது. பிறகு 2005 முதல் 2011 வரை உபுண்டுவின் கனோனிக்கல் நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. என் தலைமுறையில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது தபால்காரர் கொண்டுவந்த அந்த உறையில்தான். இன்று குறுவட்டு இருந்த இடத்தில் பென்டிரைவ். முறை அதேதான்: இயங்குதளம் பென்டிரைவிலிருந்து தேவைக்கேற்ப ரேமுக்கு வந்து ஓடும், ஹார்ட் டிஸ்க்கை நீங்களாகத் திறக்காதவரை அது தொடாது.

பென்டிரைவைச் செருகிவிட்டுக் கணினியைத் திறக்கும்போது, திரையில் நிறுவனத்தின் சின்னம் வரும் அந்த ஓரிரு விநாடிகளில் ஒரு விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டும். விசை வேலை செய்யவில்லையென்றால் விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்ற தேர்வில் பென்டிரைவ் தெரியும். சிக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். மிண்ட்டும் உபுண்டுவும் கையொப்பமிட்ட பூட் கோப்புகளோடுதான் வருகின்றன. அவசியம் வந்தால் ஒழிய அதில் கை வைக்க வேண்டாம்.

மிண்ட்டின் முகப்பு வந்ததும், பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால், எல்லாம் மெதுவாகத் திறக்கும். அந்த வேகத்தை வைத்து எடைபோடாதீர்கள். நிறுவிய பிறகு இருக்கும் வேகம் வேறு. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதை எஸ்எஸ்டியாக மாற்றுவது தரும் வேகத்தை எந்த இயங்குதள மாற்றமும் தராது. கையில் பணம் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

இப்போது ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிச் சோதியுங்கள். முதலில் வைஃபை. சில பிராட்காம், ரியல்டெக் சிப்களுக்கு டிரைவர் உடனே இருக்காது. அப்படியானால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அநேகமாக எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்துவிடும், அதை வைத்து வைஃபை டிரைவரைத் தேடலாம். பிறகு ஒலி, மைக், கேமரா. லேப்டாப் என்றால் மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். தூங்கி எழாத லேப்டாப் தினசரிப் புழக்கத்துக்கு உதவாது, இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நிறுவிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அதிகம். பிரிண்டரையும் செருகுங்கள். எச்பி, எப்சன் பிரிண்டர்கள் பெரும்பாலும் சிரமம் தருவதில்லை. நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் நிறைய இருக்கிற கேனான் எல்பிபி 2900க்குத் தனி டிரைவரைத் தேடி நிறுவ வேண்டும், அது புதியவருக்கு எளிதல்ல. உங்களிடம் இருப்பது அதுவென்றால், அச்சு வேலைக்கு விண்டோஸை வைத்துக்கொள்வதே நிம்மதி.

மென்பொருள்களையும் இப்போதே நேர்மையாகக் கணக்கெடுங்கள். டேலி, பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், கோரல்டிரா இவற்றுக்கு இன்று லினக்ஸ் பதிப்பு இல்லை. வீட்டில் யாராவது இவற்றை வைத்துப் பிழைக்கிறார்கள் என்றால் விண்டோஸ் அந்தக் கணினியில் இருந்தே ஆக வேண்டும். பிரவுசரில் நடக்கிற வங்கி வேலை, ரயில் டிக்கெட், யூடியூப், மின்னஞ்சல் எல்லாம் எந்த மாற்றமும் இல்லாமல் நடக்கும். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரேஆஃபீஸ் உடனேயே இருக்கிறது.

தமிழ்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்கு இதைச் செய்துகாட்டியபோது அவர் வேகத்தைப் பற்றியோ அழகைப் பற்றியோ கேட்கவில்லை. "தம்பி, நான் இருபது வருஷமா அடிச்சு வச்ச கட்டுரையெல்லாம் இதுல திறக்குமா?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

யூனிகோடில் உள்ளவை அப்படியே திறக்கும். அவருடைய பழைய கோப்புகளில் பாதி பாமினி எழுத்துருவிலும் மீதி வானவில் அவ்வையாரிலும் இருந்தன. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துருக்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவில் இருக்கும் அந்த டிடிஎஃப் கோப்புகளைப் பேக்கப்பில் எடுத்துவைத்து, லினக்ஸில் இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினால் போதும், எழுத்துகள் திரும்பி வந்துவிடும். அவர் திரையில் தன் பழைய கட்டுரையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கே வந்தார்.

தட்டச்சுக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' என்று தேடி நிறுவுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டும் இந்த லைவ் முறையிலும் இது நடக்கும், ஆனால் கணினியை அணைத்ததும் போய்விடும். ஐபஸ் அமைப்பில் தமிழைத் திறந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முதலிய முறைகள் வரிசையாக இருக்கும். இங்கே ஒரு குழி. கீபோர்ட் அமைப்பில் நேரடியாகவும் தமிழ்99 என்ற பெயரில் ஒன்று தெரியும். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில்தான் வேலை செய்யும். க இரண்டு முறை தட்டினால் க்க என்று தானாகப் புள்ளி வைக்கிற வசதி அதில் இல்லை. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 முறையின் சுகமே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். ஆகவே ஐபஸில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

இதுவரை எதுவும் பிடிக்கவில்லையென்றால் கணினியை அணைத்து, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். விண்டோஸ் விட்ட இடத்தில் இருக்கும். ஒரே ஒரு மாற்றம் தெரியலாம்: கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். கணினியின் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைப்பது லினக்ஸின் வழக்கம், உள்ளூர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். நம் நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது, அதுதான் இந்த இடைவெளி. வைரஸ் என்று பயந்து போன் செய்தவர்கள் உண்டு. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' கொடுத்தால் சரியாகிவிடும். நிறுவிய பிறகும் இது தொடர்ந்தால், உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸிடம் சொல்லிவிடலாம்; அதற்கான ஒற்றை வரிக் கட்டளை பின்னிணைப்பில் இருக்கிறது.

நிறுவுவதற்கு முந்தைய நாள்

லைவ் முறையில் சில நாள் புழங்கிப் பிடித்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிறுவும் வேலை அரை மணி நேரம். தயாரிப்புக்கு ஒரு நாள் எடுங்கள்.

படங்கள், ஆவணங்கள், எழுத்துருக்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எடுங்கள். எடுத்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

அடுத்து, விண்டோஸ் அமைப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இது இயங்கிக்கொண்டிருக்கும். பூட் அமைப்பில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எதுவும் உங்களுடையதல்ல. அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். பிறகு என்கிரிப்ஷனை அணைத்து, முழுவதும் விடுபடும்வரை காத்திருங்கள்.

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதையும் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுங்கள். இது இயங்கும்வரை, நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. டிஸ்க்கில் தன் வேலையை முடிக்காமல் வைத்திருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும். லினக்ஸ் பெரும்பாலும் எழுத மறுத்துவிடும், அதுவும் நல்லதற்குத்தான்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். சி டிரைவின் மேல் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. மிண்ட் நிறுவ 20 ஜிபி போதும் என்றாலும் 100 ஜிபி கொடுத்தால் நிம்மதி. இடம் இல்லையென்றால் 50. காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று சொன்னால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். சுருக்கியபின் அந்த இடத்தை 'அன்அலோகேட்டட்' என்றே விட்டுவிடுங்கள், புது டிரைவ் எழுத்தெல்லாம் கொடுக்க வேண்டாம். இரண்டு முறை விண்டோஸை ரீஸ்டார்ட் செய்து அது நலமாக எழுகிறதா என்று பாருங்கள்.

மின்சாரம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடமாவது தாங்குகிறதா என்று பாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று விசாரித்து அந்த நாளைத் தவிருங்கள். பார்ட்டிஷன் அட்டவணை எழுதப்படும் நேரத்தில் கரண்ட் போனால் பேக்கப்தான் கதி.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு, டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன். தனியாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதில் மட்டும் லினக்ஸை நிறுவுங்கள். பிறகு இரண்டையும் செருகி, பூட் மெனு விசையில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். தவறு நேர இடமே கிடையாது. டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப்களிலும் அந்த டிரைவைக் கழற்றி, அதே அளவில் கிடைக்கும் 'கேடி' என்ற சட்டகத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தலாம்.

நிறுவுதல்

லைவ் முறையில் திறந்து, முகப்பில் உள்ள நிறுவும் சின்னத்தைக் கிளிக் செய்தால் மொழி, விசைப்பலகை என்று எளிய கேள்விகள் வரும். நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியது ஒரே ஒரு திரை. அதில் விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுவுவது, டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவுவது, 'சம்திங் எல்ஸ்' என்று வழிகள் இருக்கும். முதலாவது போதும்; நீங்கள் ஒதுக்கிய காலி இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த முதல் வழி திரையிலேயே தெரியவில்லையென்றால், விண்டோஸ் இருப்பதை நிறுவி கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். அங்கே தொடராதீர்கள், வெளியே வந்துவிடுங்கள். டிஸ்க்கே தெரியாமல் போனால் பெரும்பாலும் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி முறை இயங்குகிறது. அதை ஏஎச்சிஐ என்று மாற்றச் சொல்வார்கள். விண்டோஸைத் தயார்ப்படுத்தாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. மாற்றியது போல் திருப்பி மாற்றினால் எழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும், எந்தெந்தப் பார்ட்டிஷன் மாறப்போகிறது என்று ஒரு சிறு பெட்டி காட்டும். அதைத் தாளில் எழுதிப் பாருங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் எதையாவது ஃபார்மட் செய்யப்போவதாக அதில் இருந்தால் 'கோ பேக்'. இந்தப் பெட்டியைத் தாண்டும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை. 2012இல் இந்த இடத்தில் நான் அரை நிமிடம் நின்றிருக்கலாம்.

முடிந்து திறந்தால் கிரப் என்ற பட்டியல் வரும். மேலே மிண்ட், கீழே விண்டோஸ். இரண்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய பூட் கோப்புகள் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. சிக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தபோது திறந்தது. சில சமயம் புதுப்பிப்புக்குப் பிறகு கிரப் காணாமல் போய் நேராக விண்டோஸ் வரும். லினக்ஸ் அழிந்துவிடவில்லை. பயாஸின் பூட் வரிசையில் 'உபுண்டு' என்பதை மேலே ஏற்றுங்கள். மிண்ட்டும் அங்கே அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கும்.

சிக்கல் வந்தால் தனியாகப் போராட வேண்டாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. 2012 முதல் வருகிற கணியம் மின்னிதழில் தமிழிலேயே படிக்க நிறைய இருக்கிறது.

வேண்டாமென்றால்

மூன்று மாதம் கழித்து, திறப்பதெல்லாம் விண்டோஸாகவே இருக்கிறது என்றால் எடுத்துவிடலாம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, நேராக விண்டோஸ் திறக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் சேர்ந்த கோப்புகளை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், டிரைவ் எழுத்து இல்லாமல் நீங்கள் ஒதுக்கிய அளவில் இருக்கும் பார்ட்டிஷனை அழித்து, சி டிரைவை 'எக்ஸ்டெண்ட்' செய்யுங்கள். 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் ரெக்கவரி பார்ட்டிஷனையும் தொடக் கூடாது. வரிசை மாறி, அழித்த பிறகு 'கிரப்' என்ற கறுப்புத் திரையில் நின்றுவிட்டால், அணைத்துத் திறந்து பூட் மெனு விசையில் விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். யுஇஎஃப்ஐ இல்லாத பழைய கணினியில் மட்டும் இது நடக்காது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து பூட் பகுதியைச் சரிசெய்ய வேண்டும், ஆகையால் அதைத் தயார் செய்துகொண்டு அழியுங்கள்.

மிண்ட் எழுதிய பென்டிரைவை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். என்றாவது விண்டோஸ் எழ மறுக்கும் நாளில், அதிலிருந்து பூட் செய்து சி டிரைவைத் திறந்து படங்களையும் கோப்புகளையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றலாம். என் வீட்டில் அதன் மேல் பெயர், தேதி, பூட் மெனு விசை மூன்றையும் ஒட்டி, ரேஷன் கார்டு இருக்கும் அதே பெட்டியில் வைத்திருக்கிறோம்.